வாய்வழி மருந்துகளின் உறிஞ்சலைக் கூட்ட பாலிமர் நானோதுகள்களைப் பயன்படுத்தும் முறை

வாயால் விழுங்கும் மருந்து இரத்தத்தைச் சென்றடைய வேண்டுமானால், அது முதலில் குடல்நீரில் கரைய வேண்டும். இரைப்பை அமிலத்துக்கும் செரிமான நொதிகளுக்கும் தப்பிப் பிழைக்க வேண்டும். குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தைக் கடக்க வேண்டும். பிறகு குடற்செல்களுக்குள் நுழைந்து, அங்கே காத்திருக்கும் வெளியேற்றப் புரதங்களையும் சிதைக்கும் நொதிகளையும் தாண்டி, கடைசியாகக் கல்லீரலின் முதற்கட்டச் சிதைவிலிருந்தும் மிஞ்ச வேண்டும். இத்தனை வாயில்களில் ஒன்று அடைபட்டிருந்தாலும், விழுங்கிய அளவில் சிறு பங்குதான் உடலுக்குப் பயன்படும். பாலிமர் நானோதுகள்கள், அதாவது மருந்தை உள்ளடக்கிய நானோமீட்டர் அளவிலான பாலிமர் துகள்கள், இந்தத் தடைகளில் சிலவற்றைத் தளர்த்த வல்லவை. எனவே துகளை எப்படிச் செய்வது என்பதற்கு முன், எந்தத் தடைக்காகச் செய்கிறோம் என்பதை இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. மருந்தாக்கவியல் ஆய்வுக்கூடத்தில் முதன்முறையாக இத்துறைக்குள் இறங்கும் முதுநிலை மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை: தடையைக் கண்டறிதல்

கார்டன் அமிடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995-இல் முன்வைத்த உயிர்மருந்தாக்க வகைப்பாடு இன்றும் தொடக்கத்துக்கு ஏற்ற கருவியாக இருக்கிறது. அது மருந்துகளைக் கரைதிறன், ஊடுருவுதிறன் ஆகிய இரண்டையும் கொண்டு நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. நன்றாகக் கரைந்து நன்றாக ஊடுருவும் முதல் வகை மருந்துக்கு இந்த உழைப்பே தேவையில்லை. கரைதிறன் குறைந்து ஊடுருவுதிறன் மிகுந்தது இரண்டாம் வகை; கரைதிறன் மிகுந்து ஊடுருவுதிறன் குறைந்தது மூன்றாம் வகை; இரண்டும் குறைந்தது நான்காம் வகை. இந்த வகைப்பாட்டோடு, மருந்து அமிலத்தில் சிதைகிறதா, நொதிகளால் துண்டாகிறதா, பி-கிளைக்கோபுரதம் என்ற வெளியேற்றப் புரதம் அதைக் குடலுக்கே திருப்பித் தள்ளுகிறதா, குடற்செல்களிலும் கல்லீரலிலும் உள்ள சி.ஒய்.பி. 3ஏ4 நொதி அதை மாற்றியமைக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் மருந்தின் குறை கரைதிறன் ஒன்றுதான் என்றால், பாலிமர் நானோதுகளுக்கு முன் எளிய வழிகளைச் சோதித்துப் பார்ப்பதே நேர்மையான அணுகுமுறை. கரைதல் வேகம் பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1897-இலேயே நோயஸும் விட்னியும் தொடங்கிவைத்த சமன்பாடு உணர்த்துகிறது. ஆகவே மருந்துப் படிகத்தையே நானோமீட்டர் அளவுக்கு அரைத்தாலும் பல நேரங்களில் போதும். அமெரிக்காவில் 2000-இல் ஒப்புதல் பெற்ற சிரோலிமஸ் மாத்திரையும் 2003-இல் ஒப்புதல் பெற்ற அப்ரெபிடன்ட்டும் அத்தகைய நானோபடிக மருந்துகளே. மருந்து வழியிலேயே சிதைகிறது, தானாக ஊடுருவ முடியவில்லை, அல்லது ஒரு குறிப்பிட்ட குடற்பகுதியில்தான் வெளிப்பட வேண்டும் என்ற நிலையில்தான் பாலிமர் உறை தன் உழைப்புக்கு ஈடான பலனைத் தரும்.

இன்னொரு கணக்கையும் முதல் நாளிலேயே போட்டுவிட வேண்டும். பாலிமர் நானோதுகளின் மொத்த எடையில் மருந்தின் பங்கு பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காடுதான். 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிகிராம் மருந்துக்கு 200 மில்லிகிராம் தூள் வேண்டும். அது ஒரு கூட்டுக்குளிகைக்குள் அடங்கும். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் தேவைப்படும் மருந்துக்கோ 10 கிராம் தூள் வேண்டும். அதை எந்த நோயாளியும் நாள்தோறும் விழுங்க மாட்டார். குறைந்த அளவிலேயே வீரியம் காட்டும் மருந்துகளுக்குத்தான் இந்த வழி பொருந்தும் என்பது இந்தச் சிறு பெருக்கலிலேயே தெரிந்துவிடும். இதைப் போடாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டுக் கடைசியில் தெரிந்துகொள்வது மிகுந்த வேதனை தரும்.

பாலிமரையும் துகளின் மேற்பரப்பையும் தேர்ந்தெடுத்தல்

மிகுதியாகப் பயன்படுவது பி.எல்.ஜி.ஏ., அதாவது லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த பாலிமர். உடலில் அது நீராற்பகுப்படைந்து அந்த இரு அமிலங்களாகவே பிரிகிறது. லூப்ரோலைடு நீடிப்பு ஊசி 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதிலிருந்து ஊசி மருந்துகளில் அதற்கு நீண்ட பின்னணி இருக்கிறது. ஆனால் ஊசி மருந்தில் பெற்ற அறிவை அப்படியே வாய்வழிக்குக் கொண்டுவரக் கூடாது. 50:50 விகிதப் பி.எல்.ஜி.ஏ. முழுதும் சிதையப் பல வாரங்கள் ஆகும். சிறுகுடலைக் கடக்கவோ மூன்று, நான்கு மணி நேரமே ஆகிறது. எனவே குடலுக்குள் மருந்து வெளிப்படுவது பாலிமர் கரைந்து தீர்வதால் நிகழ்வதில்லை. நீர் உள்ளே புகுந்து மருந்து வெளியே விரவுவதால்தான் பெரும்பாலும் நிகழ்கிறது. லாக்டைடு–கிளைக்கோலைடு விகிதத்தைத் திருத்துவதைவிட, குறைந்த மூலக்கூறு எடையும் அமில முனையும் கொண்ட வகையைத் தேர்வது வாய்வழிக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்ற பாலிமர் வேறொரு குணம் உடையது. அதன் அமினோ தொகுதிகளின் பி.கே.ஏ. மதிப்பு, அதாவது அவற்றில் பாதி மின்னூட்டம் பெற்றிருக்கும் பி.எச்., ஏறத்தாழ 6.5 என்பதால், அமிலச் சூழலில் அது நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டமுள்ள சளிப்புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. குடற்செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான இணைப்புகளையும் சற்று நேரம் தளர்த்துகிறது. அதே காரணத்தால் அதற்கு இரண்டு பலவீனங்களும் உண்டு. இரைப்பை அமிலத்தில் கைட்டோசான் கரைந்து துகள் குலைந்துவிடக்கூடும். சிறுகுடலின் பிற்பகுதியில் பி.எச். 7-ஐ ஒட்டி உயரும்போது அதன் மின்னூட்டம் மறைந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய செயல் நடக்காமல் போகக்கூடும். முதல் குறையைக் குடலில் மட்டும் கரையும் கூட்டுக்குளிகையாலும், இரண்டாவதை, பி.எச். உயர்ந்தாலும் நேர்மின்னூட்டத்தை இழக்காத டிரைமெத்தில் கைட்டோசானாலும் ஈடுகட்டுவது வழக்கம்.

குறிப்பிட்ட குடற்பகுதியில் மருந்தை வெளியிட வேண்டுமானால், பி.எச். பார்த்துக் கரையும் யூட்ராகிட் என்ற பாலிமர் வகைகள் உதவும். எல்100-55 என்ற வகை பி.எச். 5.5-க்கு மேலும், எல்100 என்பது 6-க்கு மேலும், எஸ்100 என்பது 7-க்கு மேலும் கரைகின்றன.

பாலிமரைவிடக் கடினமான தேர்வு மேற்பரப்பு. சளிப்படலத்தின் தளர்வான வெளியடுக்கு சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுக் கழிந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒட்டிக்கொண்ட துகளும் அதனோடு சேர்ந்து அடித்துச் செல்லப்படும். ஆகவே ஒட்டும் துகள், ஊடுருவும் துகள் என்ற இரண்டில் ஒன்றை நீங்கள் தெளிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருந்து துகளைவிட்டு வெளியேறித் தானாகவே செல்லுக்குள் போகக்கூடியது என்றால், துகள் குடற்சுவருக்கு அருகில் சற்று நேரம் தங்கினாலே போதும். அதற்கு ஒட்டும் மேற்பரப்பு ஏற்றது. துகளே செல்வரை போய்ச் சேர வேண்டுமானால், சளியோடு பிடிப்பில்லாத மேற்பரப்பு வேண்டும். அதற்கு நீர் விரும்பும் பாலிமரான பாலிஎத்திலீன் கிளைக்காலின் குட்டையான சங்கிலிகளை நெருக்கமாகப் போர்த்தி, அளவை 200 நானோமீட்டருக்குள் வைப்பது நல்லது. சங்கிலிகள் அடர்த்தியின்றி இருந்தால் துகள் சளியில் சிக்கிக்கொள்ளும். இரண்டு குணமும் ஒரே துகளில் வேண்டும் என்று ஆசைப்படும் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டையும் இழக்கின்றன.

தயாரித்தல்

நீரில் கரையாத மருந்துக்கு ஃபெஸ்ஸியும் சக ஆய்வாளர்களும் 1989-இல் விவரித்த நானோவீழ்படிவு முறையே கற்றுக்கொள்ள எளிதானது. 100 மில்லிகிராம் பி.எல்.ஜி.ஏ.வையும் 10 மில்லிகிராம் மருந்தையும் 5 மில்லிலிட்டர் அசிட்டோனில் முழுமையாகக் கரையுங்கள். இன்னொரு கலத்தில், 20 மில்லிலிட்டர் தூய நீரில், துகள்களை ஒட்டாமல் காக்கும் நிலைப்படுத்தியாகப் போலாக்சாமர் 188 அல்லது பாலிவினைல் ஆல்கஹாலை 0.5 முதல் 1 விழுக்காடு வரை கரைத்து, காந்தக் கலக்கியில் சீராகச் சுழலவிடுங்கள். அசிட்டோன் கரைசலை மெல்லிய ஊசி வழியாக, நீரின் மேற்பரப்புக்குக் கீழே ஒரே வேகத்தில் செலுத்துங்கள். அசிட்டோன் நீரில் விரவிய கணத்திலேயே பாலிமர் கரைதிறனை இழந்து நுண்துகள்களாகத் திரளும். நீர் இளநீலம் கலந்த பால்நிறம் பெறும். அந்த நீலச்சாயல் நல்ல அறிகுறி. சுண்ணாம்புபோல் வெளுத்தால் துகள்கள் பெருத்துவிட்டன என்று பொருள். கலக்கியின் தண்டில் நூல்நூலாகப் பாலிமர் சுற்றிக்கொண்டால், பாலிமரின் செறிவு மிகுதி அல்லது கலக்கும் வேகம் போதவில்லை. புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மூன்று, நான்கு மணி நேரம் திறந்து வைத்துக் கலக்கினால் அசிட்டோன் ஆவியாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் மிகப் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. உறைக்குள் அடங்காமல் எஞ்சிய மருந்து, நீரில் கரையாத காரணத்தால் தனிப் படிகங்களாகத் திரளும். அதிவேக மையவிலக்கியில் சுழற்றும்போது அப்படிகங்களும் துகள்களோடு சேர்ந்தே அடியில் படியும். மேலே தெளிந்த நீரில் மருந்து இல்லை என்று கண்டு, முழு மருந்தும் துகளுக்குள் போய்விட்டது என்று கணக்கிட்டால், 95 விழுக்காடு பொதிவுத்திறன் (எடுத்த மருந்தில் துகளுக்குள் அடங்கிய பங்கு) என்ற பொய்யான எண் கிடைக்கும். இதைத் தவிர்க்க, முதலில் 1 மைக்ரோமீட்டர் வடிகட்டியால் வடிக்க வேண்டும் அல்லது குறைந்த வேகத்தில் ஒருமுறை சுழற்றிப் படிகங்களை நீக்க வேண்டும். பின்பு முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பார்த்து, ஒளிரும் படிகங்கள் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். துகள்களை ஒரு கரைப்பானில் முழுதும் கரைத்து உள்ளே உள்ள மருந்தை நேரடியாக அளந்து, நீக்கிய படிகங்களிலும் தெளிந்த நீரிலும் உள்ள மருந்தையும் கூட்டி, தொடக்கத்தில் எடுத்த அளவோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளுக்கு நானோவீழ்படிவு பொருந்தாது. அவை நீருக்கே தப்பி ஓடிவிடும். அவற்றுக்கு, மருந்துள்ள நீரைக் கரிமக் கரைப்பானிலும் அதை மறுபடி நீரிலும் சிதறவைத்து இரட்டைப் பால்மம் செய்து கரைப்பானை ஆவியாக்கும் முறை உண்டு. ஆனால் அதில் வரும் மீயொலி அதிர்வும் டைகுளோரோமீத்தேனும் புரதங்களுக்கும் பெப்டைடுகளுக்கும் கேடு செய்யக்கூடும். அத்தகைய மருந்துகளுக்குக் கைட்டோசானை எதிர்மின்னூட்டமுள்ள உப்போடு இணைத்துத் துகளாக்கும் அயனிக்கூழ் முறை மென்மையானது. 1 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கைட்டோசானைக் கரைத்து, பி.எச்.சை 5-க்கு அருகில் கொண்டுவந்து, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் டிரைபாலிபாஸ்பேட் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கைட்டோசானும் டிரைபாலிபாஸ்பேட்டும் எடை அடிப்படையில் 3:1 முதல் 6:1 வரை இருக்கும்படி சில விகிதங்களைச் சோதித்து, கலங்கல் தோன்றியும் வீழ்படிவு தோன்றாத விகிதத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கழுவும்போது மிகை வேகத்தில் நெடுநேரம் சுழற்றினால் துகள்கள் கட்டிதட்டி, மறுபடி பிரியாது. உறைஉலர்த்துவதற்கு முன் 5 விழுக்காடு அளவில் டிரெகலோஸ் சேர்ப்பது அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும். உலர்ந்த தூளை நீரில் கலக்கியபின் கிடைக்கும் துகள் விட்டத்தை உலர்த்துவதற்கு முந்தைய விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சிய கரைப்பானையும் அளந்தாக வேண்டும். பன்னாட்டு ஒத்திசைவு அமைப்பின் கியூ3சி வழிகாட்டுதல் டைகுளோரோமீத்தேனுக்குப் பத்து லட்சத்தில் 600 பங்கும், அசிட்டோனுக்கும் எத்தில் அசிட்டேட்டுக்கும் 5000 பங்கும் வரம்பாக வைத்திருக்கிறது. மருந்தின் கரைதிறன் இடம்கொடுத்தால், தொடக்கத்திலிருந்தே பின்னவற்றைப் பயன்படுத்துவது பிற்காலத் தொல்லைகளைக் குறைக்கும்.

அளத்தல்

ஒளிச்சிதறல் கருவி தரும் சராசரி அளவை மட்டும் நம்ப வேண்டாம். சிதறும் ஒளியின் செறிவு துகளின் விட்டத்தின் ஆறாம் படியோடு உயர்வதால், ஒரு சில பெரிய துகள்கள் ஆயிரக்கணக்கான சிறு துகள்களை மறைத்துவிடும். துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் பரவல் எண் 0.2-க்குக் கீழே இருந்தால் துகள்கள் ஓரளவு சீரானவை எனக் கொள்ளலாம். ஆயினும் மின்னணு நுண்ணோக்கிப் படம் ஒன்றும் வேண்டும். துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் ஸீட்டா மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதி, மின்விலக்கத்தால் மட்டும் நிலைத்திருக்கும் துகள்களுக்குரியது. பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்திய துகள்கள் சுழியத்தை ஒட்டிய மதிப்பிலும் நன்றாக நிலைத்திருக்கும்.

நீரில் நிலையாக இருப்பது குடலில் நிலையாக இருப்பதற்குச் சான்றாகாது. பெப்சின் கலந்த பி.எச். 1.6 இரைப்பைப் போலிநீரில் இரண்டு மணி நேரமும், பின்பு பி.எச். 6.5 கொண்ட உண்ணாநிலைக் குடல் போலிநீரில் நான்கு மணி நேரமும் துகள்களை வைத்து, இடையிடையே அளவைப் பாருங்கள். குடல் போலிநீரில் 3 மில்லிமோலார் டாரோகோலேட்டும் 0.75 மில்லிமோலார் லெசித்தினும் இருக்கும். இந்தப் பித்த உப்புகள் துகளின் மேலுள்ள நிலைப்படுத்தியை இடம்பெயர்த்துவிடுவது உண்டு. துகள்கள் இங்கே திரண்டுவிட்டால், அடுத்த கட்டங்களுக்குப் போகாமல் மேற்பரப்பைத் திருத்தத் திரும்ப வேண்டும். இந்தச் சோதனை ஒரே நாளில் முடிகிறது. பல மாத வேலையைக் காப்பாற்றுகிறது.

மருந்து வெளிப்படும் வேகத்தை, மருந்தை விட்டுத் துகளைத் தடுக்கும் நுண்துளைகள் கொண்ட கூழ்மப்பிரிப்புப் பையில் அளக்கும்போது, வெறும் மருந்துக் கரைசலையும் அதே போன்ற பையிலிட்டு இணையாக அளக்க வேண்டும். பையின் சுவரைக் கடக்கவே மருந்துக்கு நேரம் ஆகும். அந்தத் தாமதத்தைத் துகளின் நீடித்த வெளியீடு என்று எழுதிவிடக் கூடாது. மருந்தின் நிலைப்புத்தன்மையையும் அந்நீரில் தனியே சோதியுங்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சீரம் இல்லாத பாஸ்பேட் தாங்கற்கரைசலில், பி.எச். 7.2-இல், 37 டிகிரி செல்சியஸில், அது ஏறத்தாழ 90 விழுக்காடு அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடுகிறது. வெளிவந்த மருந்து வெளிவந்ததுமே அழிந்துகொண்டிருக்க, துகள் மெல்ல வெளியிடுகிறது என்று வரைபடம் காட்டும்.

செல்களிலும் விலங்குகளிலும் சோதித்தல்

குடற்சுவருக்கு மாதிரியாகப் பயன்படும் கேகோ-2 செல்களை 21 நாட்கள் வளர்த்து, செல்லடுக்கின் மின்தடையை ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் அளந்து, மருந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கும் வேகத்தைக் கணிப்பது வழக்கமான முறை. இச்செல்கள் போதிய சளியைச் சுரப்பதில்லை என்பதால், சளி சுரக்கும் எச்.டி.29-எம்.டி.எக்ஸ். செல்களையும் கலந்து வளர்ப்பது அவசியம். இல்லையெனில் மேற்பரப்புக்காக நீங்கள் செய்த தேர்வு சரியா தவறா என்று தெரியாமலே போகும். மின்தடை இறங்கினால், அது இணைப்புகளின் தற்காலிகத் தளர்வா, செல் மடிவா என்பதை நச்சுத்தன்மைச் சோதனையால் பிரித்தறியுங்கள். துகளை நீக்கியபின் மின்தடை மீளவில்லை என்றால், அங்கே நடந்தது உறிஞ்சல் அன்று, காயம்.

ஒளிரும் சாயம் ஏற்றிய துகள்களை வைத்து, துகள் செல்லுக்குள் போவதைப் படம் பிடிக்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கூமரின்-6 போன்ற கொழுப்பு விரும்பும் சாயங்கள் துகளிலிருந்து கசிந்து செல்சவ்வில் தாமாகவே கரைந்துவிடும். ஒளிர்வது சாயமே, துகள் வெளியிலேயே நின்றிருக்கலாம். சாயத்தைப் பாலிமரோடு வேதிப்பிணைப்பால் இணைப்பதும், துகளை வடித்து நீக்கிய கசிவுநீரை மட்டும் செல்களுக்குக் கொடுத்து ஒப்பிடுவதும் இந்த மயக்கத்தைத் தீர்க்கும்.

விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றபின், குழுக்களை அமைப்பதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். வெறும் மருந்தையும் நானோதுகளையும் மட்டும் ஒப்பிட்டால், பலன் துகளால் வந்ததா, அதோடு சேர்ந்து வந்த போலாக்சாமரால் வந்ததா என்று சொல்ல முடியாது; சில பரப்புச்செயலிகள் தாமாகவே வெளியேற்றப் புரதங்களைத் தடுக்கும். ஆகவே மருந்தையும் வெற்றுத் துகளையும் தனித்தனியே செய்து, கொடுக்கும் நேரத்தில் கலந்து கொடுக்கும் ஒரு குழு கட்டாயம் வேண்டும். நரம்புவழி மருந்து பெறும் குழு இருந்தால்தான் முழுமையான உயிர்க்கிடைப்பை, அதாவது கொடுத்த மருந்தில் இரத்தத்தை அடையும் பங்கை, கணக்கிட முடியும். இரத்தத்தில் மருந்தின் செறிவை நேரத்துக்கு எதிராக வரைந்த வாய்வழி வளைகோட்டின் கீழ்ப்பரப்பை நரம்புவழி மருந்தளவால் பெருக்கி, நரம்புவழி வளைகோட்டின் கீழ்ப்பரப்பையும் வாய்வழி மருந்தளவையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் அந்த மதிப்பு கிடைக்கும். மும்மடங்கு உயர்வு என்று அறிவிக்கும்போது, எதிலிருந்து எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; 0.5 விழுக்காடு 1.5 விழுக்காடானதும் மும்மடங்குதான், 20 விழுக்காடு 60 விழுக்காடானதும் மும்மடங்குதான். பிளாஸ்மாவிலிருந்து மருந்தைக் கரைப்பானால் பிரித்தெடுக்கும்போது துகளும் உடைந்துவிடும் என்பதால், அளக்கப்படுவது வெளிவந்த மருந்தும் துகளுக்குள் இருக்கும் மருந்தும் சேர்ந்த மொத்தம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீண்ட நாள் உட்கொள்ள வேண்டிய மருந்தாக இருந்தால், ஒருமுறை கொடுத்து அளப்பதோடு நின்றுவிடக் கூடாது. குடல் இணைப்புகளைத் தளர்த்தும் பாலிமர், மருந்துக்கு மட்டுமின்றிக் குடலிலுள்ள வேண்டாத பொருள்களுக்கும் வழிவிடக்கூடும். எனவே பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்து, குடல் திசுவையும் கல்லீரலையும் நுண்ணோக்கியில் ஆராய வேண்டும்.

சேமிப்பு

பி.எல்.ஜி.ஏ.வின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பம், அதாவது கெட்டியான பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பம், உலர்ந்த நிலையில் பெரும்பாலும் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. ஈரம் ஏறினால் அது கீழே இறங்கும். அதனால் தூளை ஈரம் புகாத குப்பியில் உலர்த்தியோடு அடைத்து, 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்த குப்பியை அறைவெப்பத்துக்கு வந்தபின்பே திறக்க வேண்டும். உடனே திறந்தால் காற்றிலுள்ள நீர் தூளின்மீது படிந்துவிடும். ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் சிறு அளவை எடுத்து நீரில் கலக்கி, துகளின் அளவையும் மருந்தின் மீதத்தையும் படிகங்கள் தோன்றியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் பாலிமரின் தொகுதி எண், ஊசியின் விட்டம், செலுத்திய வேகம், கலக்கிய வேகம், அறையின் வெப்பம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். இரண்டாம் தொகுதி முதல் தொகுதியைப்போல் வராதபோது காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் கிடைக்கும்.